என்ன துணிக்கு?

தையல் மெஷினுக்கு ஊசி வேண்டும் என்று கடைப்படியில் போய் நின்றால், கடைக்காரர் கைவேலையை விடாமலே "என்ன துணிக்கு?" என்று கேட்பார். ஐம்பதைத் தாண்டிய பலருக்கு இது நினைவிருக்கும். காக்கி டிரில் என்றால் 18-ஆம் நம்பர், பாப்ளின் என்றால் 14, பட்டு ரவிக்கை என்றால் 11, இன்னதென்று சொல்லத் தெரியாத சாதாரணத் துணி எதுவானாலும் 16, பெயரே தெரியாத வழுக்கல் துணி என்றால் "ஒரு துண்டு கொண்டு வா, தொட்டுப் பாத்துட்டுத் தர்றேன்" என்ற பதில். வீட்டிலிருந்து ஊசி வாங்க அனுப்பப்பட்ட சிறுவன் அந்தக் கேள்விக்கு விழித்து, வந்த வழியே ஓடி, வாசலில் நின்றபடியே "அத்தை, என்ன துணிக்குன்னு கேக்குறாங்க" என்று குரல் கொடுத்து, உள்ளேயிருந்து வந்த விடை மறந்துவிடாமலிருக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டே மறுபடி ஓடுவான். அந்தச் சிறுவர்களில் நானும் ஒருவன். இதைப் படிக்கிறவர்களிலும் சிலர் ஓடியிருப்பீர்கள்.

நான் ஓடியது மதுரைப் புதுமண்டபத்துக்கு. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டுவித்த அந்தக் கல் மண்டபத்தில், நாயக்க மன்னர்களின் சிலைகளும் யாளிகளும் கரும்பு வாங்கும் கல் யானையும் நின்ற தூண்களுக்கு இடையே, தையல் மெஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகர் வேடம் போடுகிறவர்களுக்கான வெல்வெட் சட்டையும் கால்சராயும் குல்லாவும் அங்கேதான் தைக்கப்படும். அதைத் தைத்தவர்களில் பெரும்பாலோர் பாய்மார்கள் என்பதை நாங்கள் ஒரு விசேஷமாக நினைத்ததே இல்லை, மதுரையில் அது அப்படித்தான் இருந்தது. நூல் கண்டு, பட்டன், ஹூக்கு, ஜிப்பு, ஜரிகை நாடா எல்லாம் விற்ற கடைகளில் ஊசியைச் சில்லறையாகவும் கொடுப்பார்கள். பாக்கெட்டைப் பிரித்து ஒன்றை உருவி, முனை குத்தாதபடி செய்தித்தாள் கிழிசலில் இரண்டு முறை குத்தி மடித்து, "சட்டைப் பையில போடாத, கையில பிடிச்சுட்டுப் போ" என்று சொல்லித் தருவார்கள். ஒற்றை ஊசிக்காக அவ்வளவு பேச்சு நடக்கும்.

இப்போது அதே ஊசியை நான் போனில் வாங்குகிறேன். பத்து ஊசிகள் கொண்ட, உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, சட்டை வைக்கும் அளவுள்ள அட்டைப்பெட்டிக்குள் காற்றுப்பையெல்லாம் திணித்து வீட்டு வாசலுக்கு வருகிறது. வாங்குவதற்கு முன் போன் கேட்கும் கேள்வி, என்ன கம்பெனி, என்ன மாடல் என்பது. மெஷினைப் பற்றித்தான் கேட்கிறதே தவிர துணியைப் பற்றி அது கேட்பதில்லை. மாடலும் தெரிய வேண்டியதுதான். தவறான வகை ஊசி மெஷினுக்குச் சரிவராது. ஆனால் பொருந்திய ஊசி அந்தத் துணியை நன்றாகத் தைக்குமா என்பது வேறு விஷயம், அதைக் கேட்க இப்போது யாரும் எதிரில் இல்லை.

அத்தையிடம் இருந்தது காலால் மிதிக்கும் கறுப்பு சிங்கர். 1930களில் கல்கத்தாவில் உஷா மெஷின் தொடங்கப்பட்டு நாடு முழுக்கப் பரவிய பிறகும், சிங்கர் வைத்திருப்பவர்கள் அதை மாற்றச் சம்மதிக்க மாட்டார்கள். இயந்திரங்களின் பெருக்கத்தை ஐயத்தோடு பார்த்த காந்தியே இந்தத் தையல் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார் என்பதை அத்தை எங்கோ கேட்டு வைத்திருந்து, மெஷினைத் துடைக்கும் போதெல்லாம் சொல்லுவாள். அந்த மெஷினில் ஊசி மாற்றுவது ஒரு சின்னச் சடங்காகவே நடக்கும். முதலில் கைச்சக்கரத்தைத் தன் பக்கமாக உருட்டி ஊசிக்கம்பியை உச்சிக்குக் கொண்டு வருவாள். பாதத்துக்கு அடியில் பழைய துணி ஒன்றை மடித்து வைப்பாள், திருகைத் தளர்த்தும்போது ஊசி நழுவிப் பல்லின் இடுக்கில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக. பிறகு புது ஊசியை வெளிச்சத்தில் பிடித்து அதன் இரண்டு பக்கங்களையும் எனக்குக் காட்டுவாள். ஒரு பக்கம் காது வரைக்கும் நீளமாக ஒரு பள்ளம் இறங்கும். எதிர்ப்பக்கம் தண்டின் தலையில் தட்டையாகச் சீவியிருக்கும், அதே பக்கத்தில் காதுக்குச் சற்று மேலே கொஞ்சம் சுரண்டியெடுத்ததுபோல ஒரு குழிவு இருக்கும். "நூல் எந்தப் பக்கமா உள்ள போகுதோ அந்தப் பக்கம் பள்ளம் இருக்கணும் மருமகனே, இது மாறிச்சுன்னா தையலே விழாது" என்பாள். கடைசியாக ஊசியை மேலே முட்டும்வரை தள்ளி, முட்டியது விரலுக்குத் தெரிந்த பிறகே திருகை இறுக்குவாள். முட்டியதா முட்டவில்லையா என்று அவள் ஒரு கணம் கண்ணை மூடிக் கவனிக்கும் முகம் எனக்கு இன்னும் தெரிகிறது.

கை ஊசிக்குக் காது தலையில் இருக்க, மெஷின் ஊசிக்கு மட்டும் அது முனைக்குப் பக்கத்தில் இருப்பது ஏன் என்பது அந்த வயதில் என்னை ஆட்டிப்படைத்த கேள்வி. கீழே எட்டிப் பார்த்தால் பாபின் மட்டும் தெரியும். மேல் நூலை அது எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பது தெரியாது. உள்ளே யாரோ உட்கார்ந்து முடிச்சுப் போடுகிறார்கள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன், அந்த நினைப்பு எனக்குப் பிடித்தும் இருந்தது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டபோது உண்மை அதைவிட அழகாக இருந்தது. பிரான்சில் பார்தெலெமி திமோனியே 1830-இல் காப்புரிமை பெற்ற மெஷினில் கொக்கி வைத்த ஊசி இருந்தது. ராணுவச் சீருடை தைத்துக்கொண்டிருந்த அந்த மெஷின்களைப் பிழைப்புப் போய்விடும் என்று பயந்த பாரீஸ் தையற்காரர்கள் அடித்து நொறுக்கினார்கள். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-இல் காப்புரிமை வாங்கியது முனைக்கருகே காதுள்ள ஊசியையும் இரண்டாவது நூலைச் சுமந்து ஓடும் நாடாவையும் இணைத்ததற்கு. அவருடைய ஊசி வளைந்தது, பக்கவாட்டில் அசைந்தது. 1851-இல் ஐசக் சிங்கர் காப்புரிமை பெற்ற மெஷினில் ஊசி நேராகி, மேலும் கீழும் இயங்கத் தொடங்கியது. ஊசி துணிக்குள் இறங்கி, கீழே போய், ஒரு நெல் அளவு மேலே ஏறத் தொடங்கும் அந்த நொடியில், பள்ளத்தின் பக்கம் நூல் தடையில்லாமல் வழுக்கிப் போகிறது, குழிவின் பக்கம் துணி நூலைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் அந்தப் பக்கம் நூல் புடைத்து ஒரு சின்னக் கண்ணி விழுகிறது, அந்தக் கண்ணிக்குள்ளே கீழிருக்கும் கொக்கியின் மூக்கு நுழைந்து நூலை இழுத்துக்கொண்டு பாபினைச் சுற்றி வருகிறது. ஊசி திரும்பியிருந்தால் கண்ணி வேறு பக்கம் விழும். முழுதாக மேலே ஏறாமல் மாட்டியிருந்தால் கொக்கி வரும் நேரத்தில் கண்ணி அதன் இடத்தில் இருக்காது. அத்தை கண்ணை மூடிக் கவனித்தது இதைத்தான் என்று புரிந்த நாளில் நான் அவளுக்காகப் பெருமைப்பட்டேன்.

மெஷின் நிற்கும் வீட்டில் பிள்ளைகளுக்குக் கிடைத்த சின்னச் சந்தோஷங்களைச் சொல்லத் தொடங்கினால் முடியாது. ஆச்சிக்குக் கண் மங்கிய பிறகு நூல் கோத்துத் தரும் உரிமை எனக்கு வந்தது. நூல் நுனியை உதட்டில் நனைத்து, விரலால் முறுக்கி, ஒரு கண்ணை இடுக்கி ஒரே வீச்சில் காதுக்குள் செலுத்திவிட்டால் கிடைக்கும் "என் ராசா"வுக்காகவே, நூல் அறுந்து போகாதா என்று பக்கத்தில் காத்திருந்திருக்கிறேன். மெஷினில் நூலில்லாமல் காகிதத்தை ஓட்டி, வரிவரியாகத் துளையிட்டு, தபால் தலை போலக் கிழித்து, அதை பஸ் டிக்கெட்டாக்கித் திண்ணையில் கண்டக்டர் விளையாட்டு விளையாடாத பிள்ளை அந்தத் தெருவில் கிடையாது. காகிதம் ஓட்டினால் ஊசி மழுங்கும் என்று அத்தை திட்டுவாள். ஆனால் மாற்ற வேண்டிய ஊசி என்று அவள் முடிவு செய்துவிட்ட நாளில், "இந்தா, இன்னிக்கு ஓட்டிக்க" என்று அவளே கூப்பிட்டுக் கொடுப்பாள். அந்த நாள் எங்களுக்குப் பண்டிகை.

மாற்ற வேண்டிய ஊசி என்பதை எப்படி முடிவு செய்வாள்? முக்கியமாகக் காதால்தான். நல்ல ஊசி துணிக்குள் இறங்கும்போது சத்தம் சீராக இருக்கும். மழுங்கியது ஒவ்வொரு குத்துக்கும் "டொக், டொக்" என்று துணியை அடிக்கும். சமையல்கட்டில் தாளித்துக்கொண்டே, கூடத்தில் மிதித்துக்கொண்டிருக்கும் சித்தியிடம் "ஊசிய மாத்து" என்பாள். சந்தேகமிருந்தால் முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் இலேசாக இழுத்துப் பார்ப்பாள். கோடு கிழித்தால் முனை மடங்கியிருக்கிறது. வளைந்திருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடித் துண்டின் மேல் தட்டைப் பக்கத்தை வைத்து, ஊசிக்கும் கண்ணாடிக்கும் நடுவே தெரியும் வெளிச்சம் முனைவரை ஒரே அளவாக ஓடுகிறதா என்று கவனிப்பாள். நல்ல ஊசிகளை எண்ணெய் தொட்ட பஞ்சோடு ஓமியோபதி மாத்திரைச் சீசாவில் போட்டு மெஷின் இழுப்பறையில் வைத்திருப்பாள், நம்பர் வாரியாக, மூடியில் எழுதி. இப்போதைய கம்பெனிகள் ஏறத்தாழ எட்டு மணி நேரத் தையலுக்கு ஓர் ஊசி என்று அறிவுரை கூறுகின்றன. அத்தைக்கு அந்தக் கணக்குத் தெரியாது. தீபாவளிக்கும் ஜூன் மாதப் பள்ளிக்கூட யூனிஃபார்முக்கும் முன்னால் ஊசி மாற்ற வேண்டும், அதற்கு நடுவில் சத்தம் சொல்லும், அவ்வளவுதான்.

அந்த ஜூன் மாதத் தையலை நினைத்தால் காக்கி டிரவுசரின் கனமும் சேர்ந்து நினைவுக்கு வருகிறது. இரண்டு வருஷம் வர வேண்டுமென்று கீழே நாலு விரற்கடை மடித்து வைத்துத் தைப்பார்கள். அந்த மடிப்பும் பக்கத் தையலும் சேருமிடத்தில் துணி பல அடுக்காகும். 16-ஐ வைத்துக்கொண்டு வேகமாக மிதித்தால் அங்கே ஊசி முறியும். அத்தை 18 போட்டிருந்தாலும் அந்த இடத்தில் காலை எடுத்துவிட்டுக் கைச்சக்கரத்தை மெல்ல உருட்டி ஒவ்வொரு குத்தாகக் கடப்பாள். இன்று நம்பரோடு இன்னொரு கணக்கும் பெட்டியில் இருக்கிறது, 90/14, 100/16 என்று. 100 என்றால் ஊசித் தண்டின் பருமன் ஒரு மில்லிமீட்டர், 90 என்றால் 0.9. அந்த ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில்தான் சுங்குடிச் சேலையில் ஓட்டை விழுவதும் விழாததும் இருக்கிறது.

துணி மாறியபோது ஊசியும் மாறத்தான் வேண்டியிருந்தது. டெரிகாட்டனும் நைலானும் வீட்டுக்குள் வந்த காலத்தில், அதுவரை ஒழுங்காகத் தைத்த மெஷின்கள் திடீரென்று தையல் விட்டு விட்டுத் தைத்தன. மெஷின் கெட்டுப்போச்சு என்று ரிப்பேர்காரரைத் தேடி ஓடியவர்கள் பலர். பின்னலாடைத் துணிக்கு இன்னும் சிக்கல். கூர் முனை அதன் கண்ணிகளை அறுத்துவிடும், அறுந்த இடத்திலிருந்து துணி ஓடிப் பிரியும். அதற்கென்று முனை உருண்ட ஊசி வந்தது. இழையைக் குத்தாமல் ஒதுக்கிவிட்டு நடுவில் இறங்கும். ஜீன்ஸுக்கு ஒன்று, இழுபடும் துணிக்கு ஒன்று, தோலுக்கு ஆப்பு முனையில் ஒன்று, ஒரே தண்டில் இரண்டு ஊசி என்று இப்போது வகை கூடிவிட்டது. சில கம்பெனிகள் தண்டில் நிற வளையம் போட்டு, மேல் வளையம் வகையையும் கீழ் வளையம் அளவையும் காட்டும்படி செய்திருக்கின்றன, 80-க்கு ஆரஞ்சு, 90-க்கு நீலம் என்று. மேல்நாட்டு விஷயம் என்று நான் இதை ஒதுக்க மாட்டேன். இந்த வளையம் அத்தையின் கடைசிக் காலத்தில் இருந்திருந்தால், தண்டில் பொடியாகப் பொறித்த எண்ணைப் படிக்க அவள் பூதக்கண்ணாடி தேடியிருக்க வேண்டியதில்லை.

உறவுக்காரப் பெண் ஒருத்தி திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போன இடத்தில்தான் இன்றைய ஊசியின் மரியாதை எனக்குத் தெரிந்தது. நிமிஷத்துக்கு 5000 தையல் வரை போடக்கூடிய மெஷின்கள் அங்கே. அந்த வேகத்தில் ஊசி சூடேறிச் செயற்கை நூலை உருக்கியே விடும். ஊசி முறிந்தால் அதன் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் புது ஊசி. துண்டுகளைச் சேர்த்துப் பார்த்து, தேதி, நேரம், மெஷின் நம்பரோடு பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டுகிறார்கள். ஒரு நுனி கிடைக்கவில்லை என்றால் பக்கத்தில் இருந்த துணியெல்லாம் மெட்டல் டிடெக்டருக்குப் போகும். "எங்கேயோ ஒரு கைக்குழந்தை போடுற சட்டை மாமா, அதுல முனை இருந்தா?" என்றாள். எங்கள் வீட்டில் முறிந்த ஊசியைப் பிள்ளைகள் மிதிக்காதபடி சுவரோரம் குழி தோண்டிப் புதைத்தார்கள். அக்கறை இரண்டும் ஒன்றுதான், இவளுடையது கடல் கடந்து போகிறது.

அதைவிட என்னை நிறுத்தியது வேறொன்று. அந்த மெஷின்களின் ஊசிக்குத் தண்டு முழுக்க உருண்டை, தட்டைப் பக்கமே கிடையாது. வீட்டு மெஷினில் எந்தப் பக்கம் போட வேண்டும் என்பதைத் தட்டைப் பக்கமே காட்டிக்கொடுக்கும். அங்கே எந்தப் பக்கமாகவும் நுழையும். இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண் ஊசியை வாங்கி, பார்க்காமலே கட்டைவிரல் நகத்தைத் தண்டில் ஓட்டினாள். பள்ளம் நகத்தில் சிக்கியது. அதை இடப்பக்கம் திருப்பி, முட்டும்வரை தள்ளி, இறுக்கினாள். சில நொடிதான். கைப்பழக்கம் போய்விட்டது, எல்லாம் இயந்திரம் ஆகிவிட்டது என்று நாம் வீட்டிலிருந்து பெருமூச்சு விடுகிறோம். அத்தையின் நகம் திருப்பூரில் ஆயிரக்கணக்கான பெண்களின் விரல்களில் இருக்கிறது. அவர்களைத் தொழிலாளி என்கிறோம், கைதேர்ந்தவர் என்று சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

வீட்டில்தான் குறைந்திருக்கிறது. என் மகள் வாங்கிய புது மெஷினில் நூல் முன்னிருந்து பின்னாகப் போகிறது, தட்டைப் பக்கம் பின்னால், தானே நூல் கோக்கும் நெம்புகோல் ஒன்றும் உண்டு. அது வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆச்சிக்கு அது இருந்திருந்தால் யாரையும் கூப்பிட்டுக் கெஞ்ச வேண்டியிருந்திருக்காது. கெஞ்ச வேண்டியிராத ஆச்சியின் பக்கத்தில் ஒரு பேரன் காத்திருந்திருக்கவும் மாட்டான். வீட்டுக்கு வெளியே, புதுமண்டபத்தைப் புதுப்பிப்பதற்காக அங்கிருந்த கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. சிற்பங்களை மறைப்பு இல்லாமல் பார்க்க முடிவது நியாயமான மகிழ்ச்சி. கல் மண்டபத்துக்குள் மெஷின்கள் ஓடிய சத்தம் மட்டும் எங்கும் சேமித்து வைக்கப்படவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு மெஷின் இருக்கும். அம்மாவுடையதாக இருக்கலாம், அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் திட்டத்தில் கிடைத்ததாக இருக்கலாம், மேலே டி.வி. வைக்கும் மேசையாக மாறியிருக்கலாம். தையல் விடுகிறது, நூல் அறுகிறது என்று அதை ஒதுக்கியிருந்தால், பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரே ஒரு புது ஊசி வாங்குங்கள். சாதாரணப் பருத்திக்கு 14 அல்லது 16 போதும். பள்ளம் நூல் நுழையும் பக்கம் இருக்கட்டும், முட்டும்வரை மேலே தள்ளுங்கள், திருகை நன்றாக இறுக்குங்கள், இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு ஒரு கந்தலில் ஓட்டிப் பாருங்கள். ஓடாமல் நிற்கும் மெஷின்களில் பலவற்றுக்கு வேறு கோளாறே கிடையாது.